வேறொரு நபரின் பட்டா

1

பட்டாதாரர் இறந்துபோனால், உரிய விசாரணைக்குப் பின் அவருடைய பட்டா வாரிசுகள் பெயருக்கு மாற்றப்பட வேண்டும். யாராவது மனு எழுதிக்கொண்டு வரட்டும் என்று காத்திராமல், இறப்பு தெரியவந்ததுமே கிராம நிர்வாக அலுவலர் மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். வருவாய் நிலை ஆணை 31 சொல்வதன் சுருக்கம் இது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக நுழைந்து துணை வட்டாட்சியராக வெளியே வந்தவள் நான். இந்த ஆணையை மேற்கோள் காட்டி நான் திருப்பி அனுப்பிய மனுக்களை அடுக்கினால் செண்பகத்தோப்பிலிருந்து மலை உச்சிக்கு ஒரு படிக்கட்டே கட்டிவிடலாம்.

ஊருக்கெல்லாம் பொருந்திய ஆணை எங்கள் வீட்டுக்கு மட்டும் பொருந்தாமல் போயிற்று. சுந்தரபாண்டியத்தில் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் நஞ்சை, அவர் இறந்து முப்பத்தொரு வருடம் கழிந்த பிறகும் அவர் பெயரிலேயே இருந்தது. வாரிசுகளில் ஒருத்தி பட்டா மாறுதலுக்கென்றே சம்பளம் வாங்கியவள். இதை நானே எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கடலைப் பார்த்த ஒரு சின்ன ஊரில், மகள் மீனா வீட்டில் நான் குடியேறி இந்த மாதத்தோடு மூன்று வருடம். மூன்று வருடம் முடிந்ததைக் கொண்டாட மீனா கேக் வாங்கி வந்தாள். அதற்கு மூன்று நாள் கழித்து, அந்தக் கேக்கைவிட எனக்குப் பெரிதான ஒரு பதில் வந்தது. அந்தப் பதிலின் கதைதான் இது.

2

இங்கே என் காலை எப்படி என்று ஊரிலிருந்து எல்லாரும் கேட்கிறார்கள். பேத்தி தியா பள்ளிக்கூடம் போனதும் நான் கடற்கரைக்குப் போவேன். ராஜபாளையத்தில் முப்பத்தெட்டு வருடம் குடியிருந்தவளுக்கு மேற்கே பார்த்தால் மலை தெரிய வேண்டும். இங்கேயும் மேற்கே மலைதான். கிழக்கே திரும்பினால் மட்டும் பஞ்சாலைக் கூரைகள் இருக்க வேண்டிய இடத்தில் கடல் கிடக்கிறது. ஒன்றும் குறையில்லை. ஆனால் கடல் ஒரு நாளும் ஷிப்டு விடுவதில்லை. அந்த இரைச்சலுக்குப் பழக எனக்கு ஆறு மாதம் ஆனது.

கடற்கரையில் என்னோடு நடப்பவள் மார்கரெட். அடுத்த தெரு, என் வயது, ஓய்வுபெற்ற செவிலி. என் ஊர்ப்பெயரைச் சொன்னதும் மறுநாளே கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினாள். வெள்ளை நிறம், ரோஜா நிற மூக்கு. “இது உங்கள் ஊர்தானே?” ஊரைத்தான் கேட்டாளோ நாயைத்தான் கேட்டாளோ, ஆமாம் என்றேன். சொந்த ஊரை அதன் நாயை வைத்து ஒருத்தி அடையாளம் கண்டால் கோபம் வர வேண்டும். எனக்கு மார்பு அரை அங்குலம் விரிந்தது.

அவளிடம்தான் என் ஆங்கிலம் என்னைக் கவிழ்த்தது. முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் எழுதிய ஆங்கிலம் அது. ‘கனிவான உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதச் சொன்னால் எழுதுவேன், நடந்துகொண்டே பேசச் சொன்னால் திணறுவேன். “என் அண்ணன் ஊரிலிருந்து எனக்கு அரிசி கொண்டுவரப் போகிறார், இரண்டு வருடமாக வரவில்லை” என்று சொன்னேன். அன்று சாயங்காலம் வாசலில் மார்கரெட். கையில் அவள் தோட்டத்து உருளைக்கிழங்கு ஒரு பை, அரிசி இரண்டு பாக்கெட், டப்பாவில் மீன். முகத்தில் அத்தனை கருணை.

மீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அம்மா, நம்ம வீட்ல சோறில்லன்னு நெனைச்சுட்டாங்கம்மா.”

“நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். கேட்டதும் தூக்கிட்டு வந்தாளா இல்லையா? நம்ம ஊர்ல ரேஷன் கார்டைக் காட்டுன்னு கேட்டிருப்பான்” என்றேன்.

பாத்திரத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மறுநாள் அந்தப் பையில் பருப்பு வடை போனது.

3

அந்த அரிசி எந்த அரிசி என்று மார்கரெட்டுக்கு விளக்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பொங்கல் படி என்பது கூடப்பிறந்தவன் கையால் கட்டிக்கொடுத்த தங்கைக்கு வருவது. பச்சரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு, ஒரு கட்டுக் கரும்பு. தங்கை மாடி வீட்டில் இருந்தாலும் வரும், வாடகை வீட்டில் இருந்தாலும் வரும். அவளிடம் அரிசி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அவளுக்கு ஆள் இருக்கிறதா என்பதற்கான பதில் அது.

அண்ணன் வேலுச்சாமி ராணுவத்தில் ஹவில்தார். பிறர் வருடாந்திர விடுப்பைச் சித்திரைத் திருவிழாவுக்கு எடுப்பார்கள், கல்யாணத்துக்கு எடுப்பார்கள். அப்பா காலமான பிறகு அண்ணன் எடுத்த விடுப்பெல்லாம் தை மாதத்து விடுப்பு. சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ராஜபாளையத்துக்கு ஒரு பஸ். கரும்புக் கட்டை உள்ளே ஏற்றக் கூடாது என்று நடத்துநர் மறிப்பார். “அப்ப எந்தங்கச்சிய இங்க வரச்சொல்லவா?” என்று அண்ணன் கேட்பார். சம்பந்தமே இல்லாத கேள்வி, ஆனாலும் கரும்பு பஸ்ஸுக்குள் ஏறிவிடும். ஓய்வுபெற்று வந்து வயலைப் பார்க்கத் தொடங்கிய பிறகு மொபெட்டில் வருவார். கரும்பு முன்னால் நீட்டிக்கொண்டு வரும், அண்ணன் பின்னால் வருவார்.

நான் இங்கே வந்த பிறகு வந்த முதல் பொங்கலுக்குத் தொலைபேசியில் சொன்னேன், “அண்ணே, இந்த வருசம் உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.”

“யாரு சொன்னா? படி அளந்து வச்சாச்சு. ஒரு நாள் நடு வீட்ல இருந்துச்சு. பொறவு பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட குடுத்தேன். ‘இது எந்தங்கச்சி படி, செத்த நேரம் நீ தங்கச்சியா இரு’ன்னேன். அது சிரிச்சிக்கிட்டே வாங்கிக்கிடுச்சு.”

இரண்டாவது பொங்கலுக்கும் அதே பிள்ளை தங்கையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணன் சொன்னார், “ஏட்டி சரசு, எனக்கு எழுபத்திமூணு ஆச்சு. மொழங்கால் இப்பமே மொனங்குது. கால் நடமாட்டம் இருக்கறப்பவே ஒரு தடவ உன் வாசல்ல கொண்டாந்து இறக்கிட்டேன்னா போதும். நீ எங்க இருக்க, எப்பிடி இருக்கன்னு பாத்துட்டு வந்திருதேன்.”

மதினி போன பிறகு அவர் தனி ஆள். மகன் வடக்கே ராணுவத்தில். அண்ணன் எதையாவது கேட்டு நான் கண்டதில்லை. முதல் முறையாகக் கேட்டது இது.

4

அண்ணன் ராஜபாளையத்தில் பாஸ்போர்ட்டும் விசாவும் எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் போனார். பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் அவர் ‘சுற்றுலா’ என்று தட்டியிருக்கிறார்.

“அத அழிங்க” என்றாராம் அண்ணன். “திருச்செந்தூர்ல பாக்காத கடலா? நான் கடல் பாக்கப் போகல.”

“சும்மா ஒரு பேருக்குப் போடுறதுங்கய்யா. எல்லாரும் அப்படித்தான் போடுவாக.”

“எல்லாரும் பொய் சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடுறேன்லா?”

கடைசியில் ‘தங்கையைச் சந்தித்து வழக்கமான பொங்கல் பரிசைக் கொடுத்தல்’ என்று போனது. எனக்கு அதில் மறுப்பில்லை. உண்மையை எழுதியதால் எந்த விண்ணப்பமும் கெட்டுப்போனதில்லை என்பது என் அனுபவம். இணைப்புகள் இல்லாததால்தான் கெட்டுப்போகும்.

மார்கழி தொடக்கத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், மரியாதையான நடை. வருகையாளராக வருபவர் தம் நாட்டுக்குத் திரும்பிச் செல்வார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை ஏற்பட வேண்டும். விண்ணப்பதாரர் மனைவியை இழந்தவர், மகன் உடன் இல்லை. தம்மை விவசாயி என்கிறார். ஆனால் இணைத்துள்ள நில ஆவணம் வேறொரு நபரின் பெயரில் உள்ளது.

அந்த வேறொரு நபர் எங்கள் அப்பா.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம். இரண்டாவது முறை தப்பு கண்டுபிடிக்கும் ஆவல். மூன்றாவது முறை, என் மேசைக்கு இதே கோப்பு வந்திருந்தால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன் என்பது தெரிந்துபோயிற்று. அதிகாரி மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் எங்கள் பட்டாவை எடுத்துப் படித்திருக்கிறார். எங்கள் வீட்டில் முப்பத்தொரு வருடமாக யாரும் செய்யாத காரியம்.

ஏன் செய்யவில்லை? சோம்பல் என்றால் எளிதாக முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் பட்டாவில் பெயர் மாற்றுவது என்றால் பங்கு பிரிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு நான் படிவத்தைக் கொண்டுபோனேன். “அதுக்குள்ள என்ன அவசரம்? அவிய பேரு இருந்துட்டுப் போகட்டும். நீயும் நானும் என்ன சண்டையா போடப்போறோம்?” என்றார் அண்ணன். ஊரார் வீட்டில் இதே பேச்சைக் கேட்டால் நான் அரை மணி நேரம் புத்தி சொல்லுவேன். சொந்த அண்ணன் சொன்னதும் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒற்றுமையாக இருக்கிறோம் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம், நாங்கள் செய்யாமல் விட்ட ஒரு வேலை.

பொங்கல் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றாவது முறையும் தங்கையானது.

5

நடைமுறை தெரிந்தவளுக்குக் குறுக்கு வழியும் தெரியும். வாரிசுகள் இரண்டே பேர். நான் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டால் நிலம் முழுவதும் அவர் பெயருக்கு வந்துவிடும். தனிப் பட்டா. மறு விண்ணப்பத்துக்கு அதைவிட வலுவான காகிதம் கிடையாது.

மீனாவுக்கும் அது சரியாகப் பட்டது. “எழுதிக் குடுத்துரும்மா. அந்த நெலத்த வச்சு நீ என்ன செய்யப் போற? எனக்கும் வேண்டாம். தியாவுக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது.”

அவள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. உண்மையாக இருந்ததுதான் கொஞ்சம் வலித்தது. சுந்தரபாண்டியம் கண்மாயில் நீச்சல் பழகியவள் மீனா. மாமா வயலில் நாற்று நடுகிறேன் என்று சேற்றில் விழுந்து எழுந்தவள். இப்போது ‘அந்த நெலம்’ என்கிறாள். குற்றம் சொல்லவில்லை, நான்தான் விமானம் ஏற்றி அனுப்பினேன். அனுப்பிவிட்டு வேர் எங்கே என்று தேடுவது என்ன நியாயம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வீடியோவில் அழைத்தேன். மோட்டார் அறைக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தியா என் தோள்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். எல்லா ஆவணமும் நான் தயார் செய்கிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும், இரண்டு மாதத்தில் பட்டா என்றேன்.

அண்ணன் தலைத்துண்டை எடுத்து உதறினார்.

“சரசு, நீ படிச்சவ. எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. பொறந்தவளுக்கு அரிசி கொண்டுபோறதுக்கு, பொறந்தவ பங்க எழுதி வாங்கிட்டு வரணுமாக்கும்?”

“அது ஒரு காகிதந்தாண்ணே. நமக்குள்ள என்ன?”

“நமக்குள்ள ஒண்ணுமில்லேன்னுதான முப்பது வருசம் சும்மா கெடந்துச்சு? இப்ப உன் பேரைத் தூக்கிட்டு எம்பேர மட்டும் போட்டுக்கிட்டு, கையில ஒரு பை அரிசியோட உன் வாசல்ல வந்து நிக்கணும். நல்லாருக்கும். எம்புட்டு நல்லாருக்கும்!”

“வர வேண்டாம்னு இருக்கீங்களா அப்ப?”

“வருவேன். வந்தா உன் பேரும் இருக்கிற பட்டாவோட வாரேன். இல்லேன்னா அந்தப் பிள்ளையே தங்கச்சியா இருந்துட்டுப் போகட்டும். போன வையி, தண்ணி மடை மாத்தணும்.”

திரை அணைந்தது. தியா கேட்டாள், “அம்மாச்சி, மாமா தாத்தா ஏன் ஆங்க்ரி? நீ அவருக்கு ஒண்ணு குடுக்கிறேன்னுதானே சொன்ன?”

“அதனாலதான்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மீனாவுக்குப் புரிந்தது. அவள் உள்ளே போய்ச் சத்தமாகப் பாத்திரம் துலக்கினாள். இந்த வீட்டில் பாத்திரம் துலக்க இயந்திரம் இருக்கிறது.

தாசில்தார்களோடு மல்லுக்கட்டி வாழ்ந்தவள் நான். சட்டம் தெரியாதவர் முன்னால் சட்டம் பேசி நான் தோற்றது இந்த ஒரு முறைதான். அந்தத் தோல்வியில் எனக்கிருக்கும் பெருமை, நான் ஜெயித்த வழக்குகள் எதிலும் இல்லை.

6

ஆகக் கூட்டுப் பட்டா. இப்போது எல்லாம் இணையவழி. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து சுந்தரபாண்டியம் கிராமத்தின் புல எண்ணைத் தட்டச்சு செய்தேன். அப்பாவின் இறப்புச் சான்று, அப்போதே நான் வாங்கி வைத்திருந்த வாரிசுச் சான்று, இருவர் அடையாள அட்டைகள். மாசி பிறக்கும்போது விண்ணப்ப எண் கிடைத்தது. நெஞ்சை நிமிர்த்தி மீனாவிடம் சொன்னேன், “இதுல யாரும் ஒரு எழுத்து குறை சொல்ல முடியாது.”

நான்கு வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

அண்ணன் நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். போன இடத்திலிருந்து என்னை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். பின்னால் மின்விசிறிச் சத்தம். அதே மின்விசிறி. எனக்கு அந்தக் கிறீச்சு தெரியும்.

“யம்மா, இந்த போன்ல இருக்கது யாருன்னு தெரியுமா? இந்த ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருசம் ஒக்காந்தவ. அவ போட்ட மனுவத்தான் நீங்க திருப்பிட்டீங்க” என்று அண்ணன் யாரையோ மிரட்டினார்.

“தெரியும்யா” என்றது ஒரு குரல். “மேடம், வணக்கம். மாரீஸ்வரி பேசுறேன்.”

மாரீஸ்வரி. நான் ஓய்வுபெறும்போது என் பிரிவில் உதவியாளராக இருந்த பெண். இப்போது மண்டலத் துணை வட்டாட்சியர். பட்டா மாறுதலில் கடைசிக் கையெழுத்து அவளுடையது.

“என்ன குறை, மாரீஸ்வரி?”

“வாரிசுச் சான்றுல மூணு பேர் இருக்காங்க மேடம். முதல் பேரு உங்க அம்மா. நீங்க ரெண்டு பேருக்கு மட்டும் கேட்டிருக்கீங்க. அம்மா இறந்ததுக்கும் சான்று இல்ல, அவங்களுக்கு வாரிசுச் சான்றும் இல்ல.”

நான் அசந்துபோனேன். அம்மா இறந்து பன்னிரண்டு வருடம். எங்கள் ராஜபாளையம் வீட்டில், என் கையில்தான் உயிர் போனது. எனக்கு அம்மா இல்லை என்பது அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததால், அதற்கு ஒரு காகிதம் வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அலுவலகத்துக்கு நம் துக்கம் தெரியாது, இணைப்பு வையுங்கள் என்று எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன்!

“ஏம்மா, ஒங்க மேடத்துக்கு அம்மா இல்லங்கறது ஒனக்குத் தெரியாதா? கருமாதிக்கு நீயும்தான வந்த?” என்றார் அண்ணன்.

“வந்தேன்யா. பந்தில சாப்பிடவும் செஞ்சேன். அதைக் கோப்புல எழுத முடியாதுல்லா?” என்ற மாரீஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். “மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க. தெரிஞ்சவங்க கோப்பு வந்தா ரெண்டு தடவ பாருன்னு நீங்கதான் சொல்லுவீங்க. நான் மூணு தடவ பாத்தேன்.”

“சரியாத்தான் செஞ்சிருக்க. இந்தக் குறையோட நீ கையெழுத்துப் போட்டிருந்தா நானே மேல்முறையீடு செஞ்சிருப்பேன்” என்றேன்.

“ரெண்டு பொம்பளைகளும் சேந்து என்னைய அலைய விடப் போறீக, அம்புட்டுத்தான” என்றார் அண்ணன்.

அலைந்தார். ராஜபாளையம் நகராட்சியில் அம்மாவின் இறப்புச் சான்று, பிறகு வாரிசுச் சான்று, பிறகு மறுபடியும் மனு. அக்கினி நட்சத்திர வெயிலில் மொபெட்டில். ஒரு தடவைகூட என்னிடம் சலித்துக்கொள்ளவில்லை. வைகாசி கடைசியில் உத்தரவு ஆனது. படம் எடுத்து அனுப்பினார். உரிமையாளர்கள் பெயர் என்ற கட்டத்தில் முதலில் வேலுச்சாமி, அடுத்தது சரஸ்வதி. இரண்டு பேருக்கும் பக்கத்தில் தகப்பனார் பெயர்: கருப்பையா, கருப்பையா. ஒரு வரியில் இருந்த அப்பா இப்போது இரண்டு வரியில் இருக்கிறார். அப்பாவை அழித்துவிடுவோம் என்று பயந்துதானே முப்பத்தொரு வருடம் தள்ளிப்போட்டோம்!

“பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணிட்டேன்” என்றார் அண்ணன்.

“ஐயோ அண்ணே, ஆவணத்த லேமினேட் பண்ணக் கூடாது!”

“முப்பது வருசம் பேர் மாத்தாம வைக்கவும் கூடாதுதான். நீ சொல்லாத.”

7

இரண்டாவது விண்ணப்பத்துக்கு அழைப்புக் கடிதம் நான் எழுதினேன். ‘பொருள்’, ‘பார்வை’ என்று தொடங்கிப் பத்திகளுக்கு எண் போட்டு நான்கு பக்கம். முந்தைய மறுப்பில் குறிப்பிட்ட வேறொரு நபர் விண்ணப்பதாரரின் தந்தை என்பதற்கு இணைப்பு இரண்டையும் மூன்றையும் காண்க. விண்ணப்பதாரர் திரும்புவாரா என்ற ஐயத்துக்கு: பொங்கல் முடிந்ததும் கோடை நடவு உண்டு, மடை மாற்ற வேறு ஆள் இல்லை. மீனா படித்துவிட்டு, “அம்மா, இது லெட்டர் இல்ல, தீர்ப்பு” என்றாள். ஆனால் அச்செடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘இவர் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த மாமா.’ எண் இல்லாத பத்தி. நான் நீக்கவில்லை.

நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்க நூலகத்துக்குப் போனேன். இங்கே அதற்கென்று நியமிக்கப்பட்ட உள்ளூர் ஆள் ஒருவர் வாரம் ஒரு நாள் வந்து உட்காருகிறார். அன்று இருந்தவர் குழாய் வேலை செய்து ஓய்வுபெற்றவர், தடித்த விரல்கள். பச்சை மை இல்லை, பியூன் இல்லை. சும்மா முத்திரை குத்தித் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். ஒவ்வொரு பக்கத்தையும், அண்ணன் கூரியரில் அனுப்பியிருந்த அசலோடு வரி வரியாக ஒப்பிட்டார். தமிழ் படிக்கத் தெரியாதவர், பட்டாவின் எழுத்துகளைச் சித்திரம் மாதிரி விரல் வைத்து ஒப்பிட்டார். எழுந்து நின்று நன்றி சொன்னேன். வேலையைத் தெரிந்தவரை எந்த ஊரிலும் எனக்கு அடையாளம் தெரியும்.

இந்த நாட்டின் எல்லையில் தாவரச் சோதனை கடுமை. உணவுப் பொருள் எதைக் கொண்டுவந்தாலும் அட்டையில் எழுத வேண்டும், மறைத்தால் அபராதம். அண்ணனுக்குப் பட்டியல் சொன்னேன்: அரிசியும் வெல்லமும் எழுதிக் காட்டலாம், அவர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள். மண் ஒட்டிய மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு, பச்சைக் கரும்பு, இவற்றை மறந்துவிட வேண்டியதுதான்.

“கரும்பில்லாம என்னட்டி படி? பஸ்லயே ஏத்துனேன்.”

“அது கண்டக்டர்ண்ணே. இது கவர்மெண்டு.”

“அப்ப கரும்ப ஊர்லயே கடிச்சித் தின்னுட்டு ஏறுதேன். வயித்துக்குள்ள என்னன்னு ஸ்கேன் பண்ணிப் பாக்கட்டும்.”

ஆனி மாதம் விண்ணப்பம் போனது. பிறகு காத்திருப்பு. ஊரில் மனுக்காரர்கள் எதற்கு வாரம் ஒரு தடவை வந்து நிற்கிறார்கள் என்று முப்பத்தைந்து வருடம் எரிச்சல்பட்டவள், கணினியைத் தினம் நான்கு முறை திறந்து பார்த்தேன். ‘பரிசீலனையில் உள்ளது.’ நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியனுப்பிய அதே வாசகம்.

8

பதில் வந்தபோது இங்கே பிற்பகல், குளிர்காலம், மழை. தியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஈரக் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கக் கடிதம். மறுப்பு என்றால் காரணம் எழுதுவார்கள், அனுமதிக்குக் காரணம் எழுதுவதில்லை. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். வேலுச்சாமி, தகப்பனார் கருப்பையா, மார்கழி கடைசியிலிருந்து இரண்டு மாதம் தங்க அனுமதி.

அண்ணனை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். மூன்றாவது முறை எடுத்தார். காது கிழியும் கொட்டுச் சத்தம், ஆயிரம் தொண்டைகள், யாரோ “இழு, இழு” என்று கத்தும் குரல். அப்போதுதான் எனக்கு நாள் நினைவுக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டம். இந்த நாளில் ரத வீதியில் நின்று எத்தனை வருடம் பணி பார்த்திருக்கிறேன்!

“அண்ணே, விசா வந்திருச்சு!”

“ஆங்?”

“விசா! வந்திருச்சு! பொங்கலுக்கு வாரீங்க!”

அண்ணன், பக்கத்தில் இருந்த யாரிடமோ, முழங்கால் முனகும் எழுபது தாண்டிய மனிதரின் குரலாக இல்லாமல் கத்தினார்: “எலேய், நான் எந்தங்கச்சி வீட்டுக்குப் படி கொண்டு போறேம்லே!” என்னிடம் திரும்பி, “ஏட்டி, வடத்தப் பிடிச்ச கைய விட முடியாது. தேர் நிலைக்கு வரட்டும், பொறவு பேசுதேன்” என்று வைத்துவிட்டார்.

தியா ஒற்றைக் காலணியோடு வந்து நின்றாள். “அம்மாச்சி, மாமா தாத்தா வர்றாரா? நெஜமா அரிசியோடயா?”

“அரிசியோட.”

“அப்ப மார்கரெட்டுக்குச் சொல்லணும். அவங்க இன்னும் கவலையா இருக்காங்க.”

கடிதத்தை அச்செடுத்தேன். ஓய்வுபெற்றும் கைப்பழக்கம் போகவில்லை. வலது மேல் மூலையில் சாய்த்து எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன்:

பெறப்பட்டது. ஜூலை இருபத்தெட்டு, திங்கட்கிழமை. ஆடிப்பூரம், விருதுநகர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை.